கோர்ட்டில் ஜெயித்தவர்களுக்கு ஒரு கடை

என்னிடம் வந்தவர்கள் எல்லோருமே கோர்ட்டில் ஜெயித்தவர்கள். ஒருவர்கூடச் சிரித்த முகத்தோடு வந்ததில்லை. கையில் அரபியில் அச்சடித்த தீர்ப்பு இருக்கும். இன்னார் இன்னாருக்கு இவ்வளவு திர்ஹம் கொடுக்க வேண்டும் என்று நீதிபதி அதில் எழுதியிருப்பார். கொடுக்க வேண்டியவர் கொடுத்திருக்க மாட்டார். அந்தப் பணத்தை வாங்கித் தருவதற்காகவே துபாயில் ஒரு சின்ன கம்பெனி தொடங்கினேன். போன வருடம் அதை என்னோடு வேலை பார்த்த இரண்டு பெண்களிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வு பெற்றேன்.

அவர்கள்தான் இதை எழுதச் சொல்கிறார்கள். இப்போது அவர்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்தபடியே கோர்ட்டுக்கு மனு போடுகிறார்கள். கடனாளியின் வங்கிக் கணக்கை முடக்கச் சொல்லி போனில் ஒரு விரலால் அழுத்தினால் போதும். "நீங்க எப்படி மேம், ஆளைத் தேடி நேர்லயே போனீங்க?" என்று கேட்கிறார்கள், ஏதோ நான் கட்டைவண்டியில் கோர்ட்டுக்குப் போன மாதிரி. நான் ஒன்றும் அவ்வளவு கிழவி இல்லை. ஆனாலும் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. போனில் அழுத்துவதற்கு முன்னால் ஒருமுறை ஆளைப் போய்ப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு என்னிடம் ஒரு கதை இருக்கிறது.

நான் மதுரைக்காரி. பி.காம். படித்தேன், கல்யாணமானது, ஷார்ஜா வந்தேன். கணவருக்கு ஒரு ஷிப்பிங் கம்பெனியில் கணக்கு வேலை. ஃபிளாட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் துபாயில் ஓர் எமிராத்தி வக்கீலிடம் செக்ரட்டரியாகச் சேர்ந்தேன். ஆரம்ப வருடங்களைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. அரபியை எழுத்துக் கூட்டிப் படித்தேன், பஸ்ஸில் தூங்கினேன், மகனைப் பெற்றேன், திரும்பவும் வேலைக்கு வந்தேன். ஒரு நாள் பார்த்தால் நானே அரபியில் மனு எழுதிக்கொண்டிருந்தேன்.

வக்கீலின் பெயர் ராஷித். வக்கீல்களை இங்கே மரியாதையாக உஸ்தாத் என்பார்கள். எங்கள் உஸ்தாத் காலையில் வந்ததும் கார் சாவி, போன், தஸ்பீஹ் ஜெபமணி மூன்றையும் மேஜையில் ஒரே வரிசையில் வைப்பார். அதற்குப் பிறகுதான் பேச்சு. நான் எழுதிய மனுவில் தப்பு இருந்தால் தப்பு என்று சொல்லவே மாட்டார். தாளை மெதுவாக என் பக்கம் தள்ளிவிட்டு, ஆபீஸ் பையனைக் கூப்பிட்டு எனக்கு ஒரு டீ சொல்வார். டீ முடிவதற்குள் தப்பை நானே கண்டுபிடித்துவிட வேண்டும். கண்டுபிடிக்காவிட்டால் இன்னொரு டீ வரும். ராத்திரி தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருந்தால் என் கணவர், "இன்னைக்கு எத்தன தப்பு?" என்று கேட்பார். மனிதருக்கு என் மேல் அவ்வளவு அக்கறை.

உஸ்தாதின் இன்னொரு பழக்கம் எங்கள் கட்சிக்காரர்களுக்குப் பிடிக்காது. எதிராளி, அதாவது பணம் கொடுக்க வேண்டியவர், ஆபீஸுக்கு வந்தால் அவருக்குக் கஹ்வா என்ற அரபுக் காபியும் பேரீச்சம்பழமும் வைத்து உபசரிப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நம் கட்சிக்காரருக்கு வயிறு எரியும். உஸ்தாத் அதைக் கண்டுகொள்ளவே மாட்டார். கடனாளியின் பிள்ளைகள் எந்த ஸ்கூலில் படிக்கிறார்கள், ஊரில் மழை உண்டா என்றெல்லாம் விசாரித்துவிட்டு அனுப்பிவைப்பார். ஆள் போன பிறகு என்னிடம் ஒரே ஒரு கேள்வி: "மின் வேன் யாக்குல்?" இவன் எங்கிருந்து சாப்பிடுகிறான் என்று அர்த்தம். பிழைப்பு எதில் ஓடுகிறது, பணம் எந்தக் கதவு வழியாக வீட்டுக்குள் வருகிறது என்பது தெரியாமல் அவர் பேனா மூடியைத் திறக்க மாட்டார்.

தீர்ப்பு வந்துவிட்டால் பணமும் வந்துவிடும் என்று நம்மவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அப்படியெல்லாம் இல்லை. அப்பீல் காலம் முடிய வேண்டும். தீர்ப்பின் மேல் நிறைவேற்று முத்திரை வாங்க வேண்டும். பிறகு தன்ஃபீத் என்ற நிறைவேற்றும் பிரிவில் தனி ஃபைல் திறக்க வேண்டும். கடனாளிக்கு நோட்டீஸ் போக வேண்டும். அதற்கும் பிறகுதான் வங்கி, கார், கடை லைசென்ஸ், வீடு என்று ஒவ்வொன்றாக நீதிபதியிடம் கேட்டு முடக்கலாம். பயணத் தடையும் கேட்கலாம். இத்தனையும் யார் செய்வது? வக்கீலுக்குக் கேஸோடு வேலை முடிந்துவிடும். கட்சிக்காரர் தீர்ப்பை வாங்கிக்கொண்டு போய்ப் பத்திரமாக வைத்துக்கொள்வார். பத்திரம் என்றால் எப்படி? ஒருவர் லேமினேட் செய்து கொண்டுவந்தார். நம் ஆட்களுக்கு முக்கியமான காகிதம் எதுவானாலும் லேமினேட் செய்தால்தான் நிம்மதி. பிளாஸ்டிக்கின் மேல் கோர்ட் முத்திரை எப்படி விழும்? கோர்ட் ஊழியர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! புதுப் பிரதிக்கு மறுபடி பணம் கட்டி மறுபடி வரிசையில் நின்றோம்.

அன்றைக்கு வரிசையில் நின்றபோதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. ஜெயித்தவர்களுக்கென்று ஒரு கடை போட்டால் என்ன? ஆளைத் தேடுவது, பேசுவது, ஃபைலின் பின்னால் அலைவது என் வேலை. பணம் வந்தால் அதில் ஒரு பங்கு எனக்கு. வராவிட்டால் ஒன்றுமில்லை. உஸ்தாதிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் மணியை உருட்டிக்கொண்டிருந்தார்.

"நல்ல வேலை. ஆனால் அது என் ஆபீஸ் பெயரில் வேண்டாம், தனியாகச் செய். பின்னால் பழைய ஃபைல் போட்டிருக்கும் அறையைத் தருகிறேன். கோர்ட்டில் மனு என் கையெழுத்தில் போகட்டும்."

"வாடகை உண்டா உஸ்தாத்?"

"கண்டிப்பாக உண்டு. வாடகை வாங்காவிட்டால் நீ கம்பெனி இல்லை, என் செக்ரட்டரி."

அந்த மரியாதையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. முதல் மாத வாடகையைக் கொடுத்தபோது ஒரு பேச்சுக்குக்கூட வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டார்.

வீட்டில் என் கணவர், "நாப்பது வயசுக்கு மேல கந்துவட்டிக்காரன் மாதிரி கெளம்புறியா?" என்றார். லைசென்ஸ் கவுன்டரில் இருந்த பெண் நான் எழுதியதைப் படித்துவிட்டு, "பாக்கி வசூலா? உன்னிடம் ஆட்கள் இருக்கிறார்களா?" என்று கேட்டாள். நான் குள்ளம். எக்கி எக்கித்தான் கவுன்டருக்கு மேல் முகம் காட்டிக்கொண்டிருந்தேன். "ஆள் இல்லை, வாய் இருக்கிறது" என்றேன். சிரித்துக்கொண்டே அடுத்த கவுன்டருக்கு அனுப்பினாள்.

முதல் சில மாதங்கள் காற்றாடியது. சின்னச் சின்ன ஃபைல்கள்தான் வந்தன. எதிலும் பணம் வரவில்லை. வாடகை மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது. பேசாமல் செக்ரட்டரி வேலைக்கே திரும்பிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஹபீப் பாய் வந்தார்.

கீழக்கரைக்காரர். அஜ்மானில் பிளைவுட் கடை. வெள்ளைச் சட்டை, நரைத்த தாடி, உட்காரச் சொன்னாலும் உட்காராமல் நின்றபடியே பேசினார். ஜெயசிங் என்ற இன்டீரியர் கான்ட்ராக்டர் அவரிடம் லோடு லோடாகப் பிளைவுட் வாங்கியிருந்தார். கொடுத்த செக்குகள் எல்லாம் வங்கியிலிருந்து திரும்பி வந்துவிட்டன. ஹபீப் பாய் கேஸ் போட்டு ஜெயித்துவிட்டார். அதோடு டைப்பிங் சென்டரில் உட்கார்ந்து தானே மனுக்களைத் தட்டச்சு செய்யச் சொல்லி, ஜெயசிங்கின் வங்கிக் கணக்கை முடக்கியிருந்தார். அதில் ஒன்றும் இல்லை. காரைப் பிடிக்கப் பார்த்திருந்தார். அது லோன் கார். பயணத் தடையும் வாங்கிவிட்டார். அதற்குப் பிறகும் ஒரு திர்ஹம் வரவில்லை.

"எல்லாம் செஞ்சாச்சு தங்கச்சி. இன்னும் என்னத்த செய்ய?" என்றார்.

அவருடைய நிஜமான அவசரம் அதற்குப் பிறகுதான் வெளியே வந்தது. ஜெயசிங்கிடமிருந்து பணம் வராததால் ஹபீப் பாய் தனக்குச் சரக்கு கொடுத்த மொத்த வியாபாரிக்குப் பணம் கட்டவில்லை. துபாய் தேராவில் சரக்குக் கிட்டங்கி வைத்திருக்கும் குஜராத்திக்காரர், மன்சுக் சேட். அவரும் கேஸ் போட்டார், அவரும் ஜெயித்தார், அவரும் பயணத் தடை வாங்கினார். தடை இருப்பது ஹபீப் பாய்க்குத் தெரியவே தெரியாது. மகளின் நிச்சயதார்த்தத்துக்கு ஊருக்குப் போக ஏர்போர்ட் போயிருக்கிறார். பெட்டியெல்லாம் உள்ளே போய்விட்டது. இமிக்ரேஷனில் கம்ப்யூட்டரைப் பார்த்த அதிகாரி ஆளைத் தனியாக உட்காரவைத்துவிட்டார். கடைசியில் பெட்டிகளை விமானத்திலிருந்து இறக்கிக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். நிச்சயதார்த்தம் அவர் இல்லாமலேயே நடந்தது.

"இப்ப நிக்காஹ் வருது. எம் மவளுக்கு நான்தான் வலி. மாப்புள கையைப் புடிச்சு நான்தான் குடுக்கணும். தம்பிக்கு வக்காலத்துக் குடுத்துட்டு போன்ல கேட்டுக்கிருங்கன்றாங்க. போன்ல கேக்கவா தங்கச்சி பெத்து வளத்தேன்?"

இஸ்லாமியக் கல்யாணத்தில் பெண்ணைக் கொடுக்கும் பொறுப்பு தகப்பனுக்கு. அந்தப் பொறுப்பில் இருப்பவர்தான் வலி. ஹபீப் பாய்க்கு ஒரே மகள். அதைச் சொன்ன பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஜெயசிங் எங்கிருந்து சாப்பிடுகிறார் என்று யாருமே கேட்டிருக்கவில்லை. மறுநாள் துபாயின் அல் கூஸ் பகுதிக்குப் போனேன். வரிசையாக ஷெட்டுகள், அதில் ஒன்று அவருடைய மர ஒர்க்‌ஷாப். ஷட்டர் பாதி இறக்கியிருந்தது. குனிந்து எட்டிப்பார்த்தால் ஒரே ஒரு ஆள் உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் முதலாளி. நாகர்கோவில் பக்கம். நான் யாரென்று சொன்னதும் உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு, உட்கார ஒரு பலகையைத் துடைத்துப் போட்டார்.

"ஒளிஞ்சிருக்கேன்னு நெனச்சியளா? ஒளியதுக்கு எடம் வேணும்லா" என்றார்.

நான் உஸ்தாதின் கேள்வியைத்தான் கேட்டேன். பிழைப்பு எதில் ஓடுகிறது? ஒன்றிலும் ஓடவில்லை. அவருடைய பணம் முழுக்க ரியாத்தில் ஒரு கிளினிக்கில் மாட்டிக்கொண்டிருந்தது. அங்கே அலமாரி, கதவு, கவுன்டர் எல்லாம் செய்து பொருத்தியிருந்தார். கடைசி பில் மட்டும் பாக்கி. கிளினிக் முதலாளி ஒரு குறைப் பட்டியல் கொடுத்து, அதைச் சரி செய்து, நேரில் வந்து கையெழுத்துப் போட்டு, சாவியை ஒப்படைத்தால்தான் பில் என்று சொல்லிவிட்டார்.

"எனக்க ஆளுவ ரெண்டு பேரு ரியாத்துல பத்தா பக்கம் ஒரு ரூம்ல கெடக்கானுவ. அவனுவள அனுப்புனா, முதலாளிய வரச் சொல்லுன்னு திருப்பி அனுப்புகான். நான் எங்க போக? ஏர்போர்ட்டுல புடிப்பானுவல்லா? சவுதி விசாவும் முடியப் போகு."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஹபீப் பாய்க்குச் சேர வேண்டிய பணம் ரியாத்தில் இருக்கிறது. அதை எடுத்துவரக்கூடிய ஒரே ஆளை ஹபீப் பாயே இங்கே கட்டிப்போட்டிருக்கிறார்.

நான் எதையும் அப்படியே நம்புகிற ஆள் இல்லை. கிளினிக்கின் இன்ஜினியர் நம்பரை வாங்கி அங்கிருந்தே போன் போட்டேன். அவர் எகிப்துக்காரர். வேலை நடந்தது உண்மை, பில் பாக்கி உண்மை, அலமாரிக் கதவுகள் வளைந்து போயிருப்பதும் உண்மை, இந்த மனிதன் வந்தால் பணம் கிடைக்கும் என்றார். நேராக உஸ்தாதிடம் போனேன்.

"தடையை நீக்கக் கேட்கும் மனுவை நீ இப்போதே எழுதிவிடலாம். ஆனால் அது தடையை வாங்கியவர் கேட்டால்தான் நடக்கும். ஹபீப் கையெழுத்துப் போட வேண்டும். ஆள் திரும்பி வராவிட்டால் நீயும் நானும் பொறுப்பேற்க முடியாது" என்றார்.

ஹபீப் பாயிடம் சொன்னதும் அவர் முகம் சிவந்தது. அதுவரை அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

"என்ன பேசுறிய? நான் இங்க கட்டுண்டு கெடக்கேன். எம் மவ நிக்காஹுக்குப் போக முடியல. எனக்குக் குடுக்க வேண்டியவன நான் பறக்க விடணுமா? ரியாத்துலருந்து நேரா ஊருக்கு ஏறிட்டான்னா? இருக்கற ஒரு புடியும் போச்சே!"

"போகலாம் பாய். போக மாட்டார்னு நான் எழுதித் தர முடியாது" என்றேன். "ஆனா இந்தப் புடிய வச்சுக்கிட்டு நீங்க என்ன வாங்கினீங்க?"

அவர் எழுந்து போய்விட்டார். ஃபைல் கைவிட்டுப் போனது என்றே நினைத்தேன். இரண்டு நாள் கழித்து அவரே போன் செய்து, அந்த ஆளைக் கடைக்குக் கூட்டிவரச் சொன்னார்.

அஜ்மான் கடையில் மூன்று பேரும் பிளைவுட் அடுக்குகளுக்கு நடுவே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தோம். ஹபீப் பாய் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. ரியாத்தில் என்ன குறை என்று மட்டும் கேட்டார். ஜெயசிங் போனில் படங்களைக் காட்டினார். அலமாரிக் கதவுகள் அப்பளம் மாதிரி நெளிந்திருந்தன. ஹபீப் பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். அவர் கை நின்றுவிட்டது.

"இது எங் கடைப் பிளைவுட்டுல்ல?"

ஜெயசிங் தலையைக் குனிந்துகொண்டார்.

"அந்த லோடு ஈரத்தோட வந்த லோடு. எனக்கே பெறவுதான் தெரியும். தம்பி, இத ஏன் நீ கோர்ட்ல சொல்லல? சரக்கு மோசம்னு சொல்லிருந்தா கேஸே வேற மாதிரி போயிருக்குமே!"

"சரக்கப் பாத்து எறக்குனது நானாக்கும் பாய். அவசரத்துல ஈரம் பாக்காம அறுத்தது எனக்க தப்பு. ஒங்க மேல எப்படிச் சொல்லுவேன்?"

எனக்கு மரத்தைப் பற்றி எதுவும் தெரியாது. ஆனால் எத்தனையோ கோர்ட் பதில்களைத் தட்டச்சு செய்திருக்கிறேன். கையில் கிடைத்த பொய்யையெல்லாம் எதிராளி மேல் எறிபவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். கையில் கிடைத்த உண்மையைக்கூட எறியாத ஒரு மனிதரை அன்றுதான் பார்த்தேன். ஹபீப் பாய்க்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும். அவர் எழுந்து போய், நெளிந்த கதவை மாற்ற எந்த ரகம் வாங்க வேண்டும், ரியாத்தில் எந்தப் பகுதியில் கிடைக்கும், இரண்டு பக்கமும் ஒரே கனத்தில் எப்படி ஒட்ட வேண்டும் என்று ஒரு துண்டுப் பலகையை வைத்து விளக்க ஆரம்பித்துவிட்டார். கடன் கொடுத்தவரும் கடனாளியும் பசையைப் பற்றி அவ்வளவு நேரம் பேசியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கிளம்பும்போது என்னிடம், "எங்க போடணும் தங்கச்சி கையெழுத்து?" என்றார்.

தடை நீங்கியது. ஜெயசிங் போனார். போன நாளிலிருந்து கதவுப் படங்கள் வர ஆரம்பித்தன. பழைய கதவு, கழற்றிய கதவு, அறுத்த பலகை, ஒட்டிய பலகை. எல்லாவற்றையும் அவர் ஹபீப் பாய்க்கு அனுப்ப, ஹபீப் பாய் எனக்கு அனுப்புவார். என் மகன் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, ஆர் வீ பையிங் எ கப்போர்ட்?" என்று கேட்டான். ஒட்டு சரியில்லை என்று ஹபீப் பாய் இங்கிருந்து திட்டினால், மறுநாள் சரி செய்த படம் வரும்.

திடீரென்று படங்கள் நின்றன. போன் அடித்தால் எடுக்கவில்லை. மறுநாளும் அப்படியே. ஹபீப் பாய் கடையைத் திறக்காமல் என் அறையில் வந்து உட்கார்ந்துவிட்டார். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவரோ நிக்காஹுக்காகத் தன் தம்பிக்கு வக்காலத்து எழுதிக் கொடுக்க என்ன காகிதம் வேண்டும் என்று மட்டும் கேட்டார். நான் எகிப்து இன்ஜினியருக்குப் போன் போட்டுப் பார்த்தேன், அவரும் எடுக்கவில்லை. வெளியே போய் உஸ்தாதின் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன்.

அன்று சாயந்திரம் ஒரு புது நம்பரிலிருந்து போன் வந்தது. "மேடம், ஜெயசிங்காக்கும். துபாய் ஏர்போர்ட்டுல நிக்கேன். போன் தண்ணி வாளிக்குள்ள விழுந்துட்டு. இது டாக்சிக்காரரு போனு. எங்க வரணும்?"

உள்ளே ஓடிப்போய்ப் போனை ஹபீப் பாய் காதில் வைத்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "கதவு நெளியாம நின்னுச்சா தம்பி?" என்பதுதான். நான் அழுதேன். அதை மறைக்கவும் இல்லை.

ஆனால் வந்தது பாதிப் பணம். மீதியைக் கிளினிக் முதலாளி அடுத்தடுத்த மாதங்களில் அனுப்புவதாக எழுதிக் கொடுத்திருந்தார். வந்ததை ஜெயசிங் அப்படியே கோர்ட் கணக்கில் கட்டினார். ஹபீப் பாய் அதை முழுசாக மன்சுக் சேட்டின் ஃபைலுக்கு மாற்றினார். அப்போதும் சேட்டுக்குப் பாதி பாக்கி நின்றது. பாதிப் பணத்துக்குத் தடை தானாக நீங்காது. நிக்காஹுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. நான் தேராவுக்குக் கிளம்பினேன்.

சேட்டின் கிட்டங்கிக்கு மேலே ஒரு சின்ன அறை. சுவரில் லட்சுமி படம், அதற்குக் கீழே ஊதுபத்தி. என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் எனக்குத் தெரிந்த இந்தியில் எல்லாவற்றையும் சொன்னேன். பாதி வந்துவிட்டது, மீதி வந்துகொண்டிருக்கிறது, அவர் தன் மகள் கல்யாணத்துக்குப் போக வேண்டும், தடையை நீக்கிக் கையெழுத்துப் போடுங்கள்.

"ஜாமீன் யார்?" என்று கேட்டார்.

"யாரும் இல்லை சேட்."

"அப்புறம் எதை நம்பி?"

பையிலிருந்து ஹபீப் பாய் ஜெயசிங்குக்காகப் போட்ட மனுவின் நகலை எடுத்து வைத்தேன். சேட்டுக்கு அரபி படிக்கத் தெரியும். முப்பது வருடமாக இந்த ஊரில் வியாபாரம். விரலை வைத்து வரிவரியாகப் படித்தார்.

"இவனே இங்கே மாட்டிக்கொண்டு கிடக்கிறான். இவன் தனக்குத் தர வேண்டியவனை வெளியே விட்டானா?"

"ஆமாம்."

"அவன் திரும்பி வந்தானா?"

"வந்ததால்தான் உங்களுக்குப் பாதிப் பணம் வந்தது சேட்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாகல்" என்றார். பைத்தியம் என்று அர்த்தம். ஹபீப் பாயைச் சொன்னாரா, ஜெயசிங்கைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா தெரியவில்லை. பிறகு சட்டைப் பையில் பேனாவைத் தேடினார்.

ஹபீப் பாய் ஏர்போர்ட் போன அன்று நானும் என் கணவரும் கூடப் போனோம். தடை நீங்கிய உத்தரவின் நகலை அவர் கையில் கொடுத்திருந்தேன். வரிசையில் அவர் முறை வருவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்தார், பாஸ்போர்ட்டைப் பார்த்தார், மறுபடி கம்ப்யூட்டரைப் பார்த்தார். என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு முத்திரை விழுந்தது. ஹபீப் பாய் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. பின்னால் நின்றவர் தோளைத் தட்டிய பிறகுதான் நடந்தார். நிக்காஹ் அன்று ஊரிலிருந்து போன் வந்தது. பின்னால் ஒரே இரைச்சல். "நானே குடுத்தேன் தங்கச்சி, எங் கையால குடுத்தேன்" என்று கத்தினார். வேறு எதுவும் காதில் விழவில்லை.

அந்த மாதம் ஹபீப் பாய் கடைக் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்த பங்குதான் என் கம்பெனிக்கு முதல் வருமானம். அதற்குப் பிறகு எங்களிடம் யார் வந்தாலும், முதலில் பயணத் தடை போடுங்கள் என்று அவசரப்பட்டாலும், கடனாளியைப் போய்ப் பார்க்காமல் நான் போட்டதில்லை. போட வேண்டிய இடங்களும் இருந்தன. தயங்காமல் போட்டேன். ஏமாந்த ஃபைல்களும் உண்டு. ஆனால் இந்தப் பெண்களுக்கு நான் சொல்ல விரும்பியது அந்த ஃபைல்கள் இல்லை.

உண்மையைச் சொன்னால், எனக்கு உள்ளூர ஒரு பயம் இருந்தது. ஊருக்குப் போன ஹபீப் பாய் திரும்பி வருவாரா? பாதிக் கடன் இன்னும் நிற்கிறது. ஊரில் சொந்த வீடு, இப்போது மருமகனும் உண்டு. அங்கேயே இருந்துவிட்டால் யார் என்ன செய்ய முடியும்? மன்சுக் சேட் இரண்டு தடவை போன் செய்து, "வந்துட்டானா?" என்று கேட்டார். இல்லை என்றதும் வைத்துவிட்டார்.

கல்யாணம் முடிந்த இரண்டாவது வாரம் ஹபீப் பாய் ஏர்போர்ட்டிலிருந்து நேராகத் தேராவுக்குப் போய், அங்கிருந்து என்னைக் கூப்பிட்டார். நான் போனபோது சேட்டின் மேஜையில் கீழக்கரைத் தொதல் அல்வா ஒரு பனைப்பெட்டி நிறைய இருந்தது. ஹபீப் பாய் வழக்கம்போல உட்காராமல் நின்றுகொண்டிருந்தார். சேட் ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடி மென்று, முழுங்கிவிட்டு, அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"பாக்கி கப்?" மீதி எப்போது என்று இந்தியில் கேட்டார்.

"அடுத்த மாசம் சேட்" என்றார் ஹபீப் பாய்.

சேட் தலையை ஆட்டிவிட்டு, பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.